வராத புயல் பொய்யா?



முன்பெல்லாம் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் ஊரே கலங்கும். இப்பொழுதோ, "போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள், ஒரு தூற்றல்கூட விழவில்லை" என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான்.

நம் வங்கக் கடலின் வடகோடியில், அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், 1970 அக்டோபரில் எச்சரிக்கை கேட்டுப் பலர் வீடு விட்டுப் போனார்கள். வந்த புயல் அஞ்சிய அளவுக்கு இல்லை. மூன்று வாரத்தில் மறுபடி எச்சரிக்கை. இம்முறை பலர் நகரவில்லை. அறிவிப்பு தெளிவாய் இல்லாததும், ஒதுங்கப் போதிய இடமில்லாததும் உண்மையே. முழுப் பழியையும் அந்த ஏழைகள்மேல் போடுவது நியாயமன்று. நவம்பர் 12 இரவு கடல் பொங்கித் தீவுகளின்மேல் ஏறிற்று. மாண்டவர் 3 லட்சத்துக்குக் குறையாதென்பது பொதுவான மதிப்பீடு.

புயல் வழியில் திரும்பிவிடலாம்; வலுவிழக்கலாம். அதனால் எச்சரித்தவன் பொய்யனாவானா? அபாயம் உண்டென்றுதானே அவன் சொன்னான்? அது அன்றைக்கு மெய்தான்.

"ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்கிறீர்கள். படகைக் கட்டாமல் விட்டுவிட்டு அப்படிச் சொல்வீர்களா? உங்கள் உயிரைப் பணயம் வைப்பதே தகாது. உள்ளே படுத்திருக்கும் கிழவியையும் தொட்டில் பிள்ளையையும் யாரைக் கேட்டுப் பணயம் வைக்கிறீர்கள்?

பள்ளிக்கூடச் சாவி கோயில்பிள்ளையிடம் இருக்கிறது. நடக்கமுடியாதவர்கள் உள்ள வீட்டார் ஞாயிறு பூசைக்குப்பின் என்னிடம் பெயர் கொடுங்கள்.