யாரோ பெத்த புள்ளை

நான் ஆரணிக்காரி. பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணி. சென்னையில் நுரையீரல் மாற்று ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஐ.சி.யு.வில் நர்ஸ். எங்கள் பக்கத்து அம்மா ஒருவர், மகனுக்கு ஆபரேஷன் ஆன மறுநாள் என்னை நிறுத்திக் கேட்டார்: "சிஸ்டர், சீக்கிரம் நுரையீரல் கிடைக்கணும்னு பவானியம்மனுக்கு வேப்பஞ்சேலை வேண்டிக்கிட்டேன். அப்போ யாரோ பெத்த புள்ளை சாகணும்னுதானே கேட்டிருக்கேன்?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன். வாய்க்குச் சுலபமான ஆறுதல். கேள்வி அப்படியேதான் இருந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். 2008-ல் உறுப்புகள் தானமாகக் கொடுக்கப்பட்ட ஹிதேந்திரன் என்ற பையனைக் கொண்டுபோனது சாலை விபத்து. உறுப்புகளைக் கொடுக்க முடிவெடுத்தவர்கள் பெற்றோர், டாக்டர்கள் அசோகனும் புஷ்பாஞ்சலியும். இதில் வேறெந்தத் தாயின் வேண்டுதலுக்கும் பங்கில்லை. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டமும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. மூளைச்சாவை நான்கு டாக்டர்கள் உறுதி செய்ய வேண்டும். உறுப்பு மாற்றும் குழுவைச் சேர்ந்த எவரும் அதில் இருக்கக் கூடாது. ஆறு மணி நேரம் விட்டு எல்லாச் சோதனையும் மறுபடி நடக்கும். வென்டிலேட்டரைக் கழற்றி, ஆக்சிஜன் மட்டும் கொடுத்து, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60 மி.மீ.யைத் தொடும்வரை நெஞ்சையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தானாக ஒரே ஒரு மூச்சு வந்தாலும் உறுப்புதானப் பேச்சுக்கே இடமில்லை. ஆசை உள்ளவன் கையில் தீர்ப்பு போகக் கூடாது என்ற இந்த ஏற்பாடு, பல ஆன்மிகச் சொற்பொழிவுகளைவிட எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆனாலும் சட்டம் கையைத்தான் கட்டும், மனசு கேட்குமா? அந்த அம்மாவிடமே கேட்டேன்: "அந்தப் புள்ளை கண் முழிச்சிருந்தா சந்தோஷப்பட்டிருப்பீங்களாம்மா?" கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "பட்டிருப்பேன். அப்புறம் என் புள்ளைய நெனச்சு அழுதிருப்பேன்."

இதில் பாவம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

கொடுத்தவர் பெயரை நாங்கள் சொல்லக் கூடாது. பெயர் தெரியாதவருக்கு எப்படிக் கடன் தீர்ப்பது என்பது அந்த அம்மாவின் அடுத்த கேள்வி. மகன் படுக்கைக்குக் கூட்டிப்போனேன். மாற்றி வைத்த நுரையீரலுக்கு நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும். உள்ளே சளி கட்டினாலும் தானாக இருமல் வராது. மூச்சு டியூபை எடுத்த பிறகு, தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வராத இருமலை வேண்டுமென்றே இரும வேண்டும். நாங்களும் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்போம். உடம்பு அந்த உறுப்பை அந்நியமாகவே பார்க்கும் என்பதால் டாக்ரோலிமஸ் மாத்திரை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க.

"உங்க கடனை இதுல அடைங்கம்மா" என்றேன். மாத்திரை பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார்.