மொட்டையும் வழுக்கையும்

பழனியில் மொட்டையடித்துக்கொண்டு வங்கிக்குத் திரும்பியபோது எல்லோரும் மரியாதையாகப் பார்த்தார்கள். முடி வளர்ந்து வழுக்கை தெரிந்ததும் அவர்களே சிரித்தார்கள். கொடுத்தால் காணிக்கை, பறிபோனால் கேலி. தலை ஒன்றுதான், என் சித்தம் அதில் இருந்ததா என்பதே கேள்வி.

பருவத்துக்கு முன் விதை நீக்கப்பட்டவர்களுக்கு இவ்வழுக்கை வருவதில்லை என்று ஹாமில்டன் 1942இல் காட்டினார். ஆண் ஹார்மோனே, பரம்பரை இடம்கொடுத்தால், மயிர்க்கால்களைச் சுருக்குகிறது. மினாக்ஸிடில் சிலருக்கு உதவும். நிறுத்தினால் பலனும் போய்விடும். மருந்து பூசுவதில் பொய் இல்லை. பக்கவாட்டு மயிரை உச்சிக்கு இழுத்துச் சீவி, மின்விசிறிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேனே, அது பொய்.

இப்போது ஒட்ட வெட்டிக்கொள்கிறேன். இழந்ததைக் கொடுத்ததாகக் காட்டிக்கொள்ளும் தந்திரம்தானோ இதுவும் என்ற சந்தேகம் போகவில்லை.