எப்படியும் அழியப்போவதுதானே?

செஞ்சிக்கு அருகே தொண்டூர்க் குன்றில் சமணத் துறவியருக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன. உடன் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டும் உண்டு. செஞ்சிக் கோட்டைக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவை அவை. தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இதே வட்டாரத்து மேல்சித்தாமூரில் இருக்கிறது. இந்த மரபு நெடுங்காலம் வாதாடிய வழக்கு ஒன்று உண்டு: தான் கொல்லாத விலங்கின் ஊனைத் தின்றால் பாவம் சேருமா? தனக்கென்று கொல்லப்படாத ஊன் குற்றமற்றது என்றனர் பௌத்தர். சமண நூலான நீலகேசி அதை ஏற்கவில்லை. வாங்குவோர் இருப்பதால்தானே விற்போர் இருக்கிறார்கள் என்று குறளும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் அதே இடத்தில் கை வைக்கிறது.

கருவிலிருந்து எடுக்கும் ஸ்டெம் செல்களைப் பற்றிய சண்டையும் சுற்றிச் சுற்றி இந்த வழக்கிடமே வந்து நிற்கிறது.

சோதனைக் குழாயில் கருவுற்ற முட்டை ஐந்தாறு நாளில் நூறு, நூற்றைம்பது செல்கள் கொண்ட உருண்டையாகிறது. அதன் உட்பகுதிச் செல்களுக்கு உடலின் எந்தத் திசுவாகவும் மாறும் ஆற்றல் உண்டு; இவையே கருவழி ஸ்டெம் செல்கள். 1998இல் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் அவற்றைப் பிரித்து வளர்த்துக் காட்டினார். எடுத்தால் கரு பிழைக்காது. இந்தக் கருக்கள் பெரும்பாலும் குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சி, திரவ நைட்ரஜனில் உறைந்து கிடப்பவை. எப்படியும் அழியப்போவதுதானே, ஒரு நோயாளிக்காவது உதவட்டுமே என்பது ஆய்வாளர் வாதம்.

2001 ஆகஸ்ட் 9 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நடுவழி ஒன்றை அறிவித்தார். அன்றைக்கு முன்பே கருவிலிருந்து பிரித்துப் பெருக்கி வைத்த செல் வரிசைகளில் ஆய்வு நடந்தால் அரசுப் பணம் உண்டு. அதற்குப் பின் அழிக்கும் கருவுக்கு இல்லை. கொலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, இனி அதற்காக ஒன்றும் சாகாது என்கிற கணக்கு. தனக்கென்று கொல்லாத ஊன் என்ற பழைய வாதம் வாஷிங்டன் வரை போயிருந்தது! அரசுப் பணம் பெறத் தகுந்த வரிசைகளின் பட்டியலில் இந்தியாவுக்கும் பங்கு: மும்பை ரிலையன்ஸ் லைஃப் சயன்சஸிடம் ஏழு வரிசைகள், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்திடம் மூன்று. 2009இல் ஒபாமா அந்தத் தடையை நீக்கினார்.

கரு உயிர்தானா என்று கேட்டால் சமணம் தயங்காது; கருவுறும்போதே உயிர் வந்து சேர்கிறது என்பதே அதன் நிலை. ஆனால் அதே சமணம் துறவிக்கு ஓர் அளவும் இல்லறத்தாருக்கு வேறோர் அளவும் வைத்தது. உழும்போதும் சமைக்கும்போதும் நேரும் கொலை வேறு, கொல்ல வேண்டும் என்று எண்ணிச் செய்யும் கொலை வேறு. புலன்களைக் கொண்டு உயிர்களைத் தரம் பிரித்து, மேலே போகப் போகக் குற்றம் கனக்கும் என்றும் சொன்னது. ஐந்து நாள் கருவில் நரம்பு என்று ஒன்று கிடையாது, வலிக்க இடமில்லை. பதினான்கு நாளுக்கு மேல் ஆய்வகத்தில் கருவை வளர்க்கக் கூடாதென்று 1984இல் பிரிட்டனின் வார்னாக் குழு சொன்ன எல்லையை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தன் நெறிமுறையில் வைத்திருக்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் கருவைக் குழந்தைக்குச் சமமாக்குவது மிகை. வெறும் ரசாயனப் பொருள் என்று கைகழுவுவதும் தவறுதான். பிள்ளைக்காக ஏங்கிய தம்பதியிடம் கேட்டால் தெரியும்.

ஆகவே மிஞ்சிய கருவைப் பெற்றோர் சம்மதத்துடன் ஆய்வுக்குத் தரலாம் என்பதே சரியெனப் படுகிறது. 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டமும் பத்தாண்டுக்கு மேல் கருவைச் சேமிக்க விடாமல், அழியவிடவோ, ஒப்புதலோடு ஆய்வு நிறுவனத்துக்கு வழங்கவோ சொல்கிறது.

ஆனாலும் நீலகேசியின் ஆட்சேபம் தீர்ந்துவிடவில்லை. மிஞ்சியது என்கிறோமே, எதனால் மிஞ்சியது? ஊசி போட்டு ஒரே மாதத்தில் பல முட்டைகளை முதிரவைத்து எடுப்பதால். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் கூடுதலாக மிஞ்சவைப்பது கடினமா? தென்கொரிய ஸ்டெம் செல் ஆய்வாளர் ஹ்வாங் வூ-சுக் 2004, 2005இல் வெளியிட்ட கட்டுரைகள் மோசடி என்று அம்பலமானபோது, அவர் ஆய்வகத்தின் இளம் பெண்களே முட்டை கொடுத்திருந்ததும் தெரியவந்தது. மேலதிகாரி கேட்கும்போது அது எப்படித் தானமாகும்?

நம் பக்கத்தில் ஈரோடு இருக்கிறது. 2022இல் அங்கே 16 வயதுச் சிறுமியிடம், போலி ஆதாரில் வயதைக் கூட்டிக் காட்டி, பலமுறை கருமுட்டை எடுத்து விற்றது வெளிவந்தது. போனது ஆய்வுக்கல்ல, குழந்தைப்பேறு சிகிச்சைக்கு. ஆனால் வழி ஒன்றுதான். முட்டை தருபவருக்கு 23 முதல் 35 வயது, வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது என்று மேற்சொன்ன சட்டம் வரையறுத்து ஓராண்டு ஆவதற்குள் வெளிவந்த செய்தி இது. கருவின் உயிர் பற்றி உலகம் கால் நூற்றாண்டு வாதிட்டதில் நூற்றில் ஒரு பங்குகூட, அந்த முட்டை எந்தப் பெண்ணிடமிருந்து வந்தது என்பதற்குச் செலவிடவில்லை.

2006இல் ஆய்வாளர் ஷின்யா யாமனாகா எலியின் தோல் செல்லையே கருநிலைக்குத் திருப்பிக் காட்டியபோது, இனிக் கரு தேவையில்லை, சண்டை ஓய்ந்தது என்று பலர் மூச்சுவிட்டார்கள். ஓயவில்லை. பார்க்கின்சன் நோயாளிகளிடம் நடக்கும் சோதனைகளில் கருவழிச் செல்களுக்கு இன்னமும் இடமிருக்கிறது. நோயாளியின் பெயரால் இன்னொரு வியாபாரமும் நடக்கிறது. ரத்த நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை வகை மாற்று தவிர வேறெந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று மருத்துவ ஆராய்ச்சிக் கழக நெறிமுறை சொன்னபிறகும், ஆட்டிசத்துக்கும் முதுகுத்தண்டுக் காயத்துக்கும் லட்சங்களில் ஊசி போடுகிறார்கள். ஐந்து நாள் கருவுக்கு நேரும் தீங்கைவிட இது பெரிய பாவம். ஏமாறுகிறவருக்கு ஐந்து புலனும் உண்டு, கடனும் உண்டு.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது ஒப்புதல் படிவம். சிகிச்சை தொடங்கும் நாளில், பணமும் பயமும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பதியிடம் மற்ற தாள்களோடு தாளாக அதை நீட்டக் கூடாது. குழந்தை பிறந்தபின், அல்லது இனி வேண்டாம் என்று முடிவானபின், சிகிச்சை தந்த மருத்துவர் அல்லாத ஒருவர், தமிழில், தனியாகக் கேட்க வேண்டும். மாட்டோம் என்றால் ஏன் என்று கேட்கக் கூடாது.