பந்தை எறிந்தவனும் பார்த்திருந்தவர்களும்



ஒரு வாலிபன் பந்தை எறிகிறான். அது குறி தவறித் தரையில் விழுகிறது. "எறி தவறிவிட்டது" என்கிறான் பார்த்திருந்தவர்களில் ஒருவன். "இவனுக்கு எறியத் தெரியாது" என்கிறான் அடுத்தவன். "இவன் எதற்கும் உதவாதவன்" என்கிறான் மூன்றாமவன். மூவரும் கண்டது ஒரே காட்சி. ஆனால் மூவரும் சொன்னது ஒன்றுதானா? இல்லை. முதலாமவன் ஒரு செயலைப் பற்றிச் சொன்னான். இரண்டாமவன் ஒரு திறமையைப் பற்றிச் சொன்னான். மூன்றாமவனோ ஒரு மனிதனைப் பற்றியே தீர்ப்பு எழுதி முடித்துவிட்டான். இம்மூன்றுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை இவ்வாரம் சற்று அளந்து பார்ப்போம்.

நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்தது. அங்கே ஃபுட்பால் என்பது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிராளியை மோதித் தள்ளியும் ஆடும் ஆட்டம் அது. பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். பந்தைக் கையில் வாங்கி, தானே ஓடுவதா, பக்கத்தில் உள்ளவனிடம் கொடுப்பதா, தொலைவில் ஓடுகிறவனுக்கு எறிவதா என்று தீர்மானிக்கிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவனுக்குக் கிடைக்கும் அவகாசம் பெரும்பாலும் இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் எதிரிகள் அவனைத் தரையில் சாய்க்கப் பாய்ந்து வருவார்கள்.

கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கும் அங்கே பெருங்கூட்டம் கூடுகிறது. அலபாமா பல்கலைக்கழகத்தின் மைதானம் ஒன்றில் மட்டுமே ஏறக்குறைய 1,00,000 பேர் உட்காரலாம். ஆட்டம் நடப்பது பெரும்பாலும் சனிக்கிழமை. அதைப் பற்றிய வாக்குவாதமோ வாரத்தில் ஏழு நாளும் நடக்கும். குவார்ட்டர்பேக்கின் பலம் என்ன, பலவீனம் என்ன என்பதே அந்த வாக்குவாதத்தில் பாதி.

2016-ஆம் ஆண்டில் ஜாலென் ஹர்ட்ஸ் என்னும் 18 வயது முதலாண்டு மாணவர் அந்த அலபாமா அணியின் குவார்ட்டர்பேக் ஆனார். இரண்டு பருவங்களில் அவர் தொடக்கம் முதல் ஆடிய ஆட்டங்களில் 26 வெற்றி, 2 தோல்வி. 2017-ஆம் ஆண்டுப் பருவம் முழுவதிலும் அவர் எறிந்த பந்தில் எதிரிகள் கைப்பற்றியது ஒன்றே ஒன்று. ஆயினும் வாதம் ஓயவில்லை. "பதற்றமில்லாதவர், கால் வலிமை உள்ளவர், பந்தை வீணாக்காதவர்" என்றது ஒரு கட்சி. "தொலைவில் எறியத் தயங்குகிறார், முதலில் பார்த்த ஆள் அகப்படாவிட்டால் அடுத்தவனைத் தேடாமல் ஓடத் தொடங்கிவிடுகிறார்" என்றது மறு கட்சி. இரண்டு கட்சிக்கும் ஆதாரம் இருந்தது என்பதே உண்மை.

2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டா நகரில் தேசிய இறுதி ஆட்டம் நடந்தது. பாதி ஆட்டம் முடிந்தபோது ஜார்ஜியா 13, அலபாமா பூஜ்யம். ஹர்ட்ஸ் எறிந்த எட்டில் மூன்றுதான் பலித்தன. கிடைத்தது 21 கஜம். பயிற்சியாளர் நிக் சேபன் அவரை உட்கார வைத்துவிட்டு, டுவா டாகொவைலோவா என்னும் முதலாண்டு மாணவரை இறக்கினார். அலபாமா 26-23 என்று வென்றது. ஊரே பார்க்க இடம் இழந்த ஹர்ட்ஸ், மைதானத்து ஓரத்தில் நின்று, தம் இடத்தைப் பெற்றவரோடு சேர்ந்து மகிழ்ந்தார்.

பயிற்சியாளர் செய்தது நியாயமா? நியாயமே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ச். தோமாஸ் அக்வினாஸ், ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எப்போது முறையாகும் என்று ஆராய்ந்து மூன்று நிபந்தனைகளைக் கூறுகிறார். அது நீதியின் மேலுள்ள பற்றிலிருந்து பிறக்க வேண்டும். தீர்ப்புச் சொல்கிறவனுக்கு அதற்கான அதிகாரம் இருக்க வேண்டும். அவன் விவேகத்தோடு, தகுந்த ஆதாரத்தின் மேல் தீர்மானிக்க வேண்டும். முதலாவது இல்லாவிட்டால் அது அநீதி. இரண்டாவது இல்லாவிட்டால் அபகரிப்பு. மூன்றாவது இல்லாவிட்டால் வீண் சந்தேகம். பயிற்சியாளரிடம் மூன்றும் இருந்தன. யாரை ஆடவிடுவது என்று முடிவு செய்வது அவருடைய கடமை. பலவீனத்தை அவர் கண்ணாரக் கண்டார். அவர் தீர்ப்பிட்டது அன்றைய ஆட்டத்துக்கு யார் தேவை என்பதைப் பற்றியே அன்றி, அந்த வாலிபரின் மதிப்பைப் பற்றியன்று.

அப்படியானால் பார்த்திருந்தவர்கள் வாய் திறக்கவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. பகிரங்கத்தில் செய்த செயலைப் பகிரங்கத்தில் பேசலாம். நன்றாக ஆடியதை நன்று என்றும், தவறியதைத் தவறு என்றும் சொல்வது உண்மைக்குச் செய்யும் மரியாதை. நண்பர்கள் கூடி அளந்து பேசுவதில் இன்பமும் உண்டு. திறமையைப் பற்றிப் பேசும்போது மட்டும் கூடுதல் நிதானம் வேண்டும். எறி ஏன் தவறியது? எறிந்தவனாலா? அவனைக் காக்க வேண்டியவர்கள் வழிவிட்டதாலா? ஓட வேண்டியவன் தவறான பக்கம் ஓடியதாலா? வகுத்துக் கொடுத்த திட்டமே கோணலா? 11 பேர் செய்த காரியத்தை ஒருவன் தலையில் சுமத்துவது எளிது, அது நியாயமாகாது.

மனிதனையே நிறுக்கத் தொடங்கும்போதுதான் தராசு நம் கையை விட்டுப் போகிறது. "கோழை" என்கிறோம், "அக்கறை இல்லாதவன்" என்கிறோம். அவன் நெஞ்சுக்குள் இருப்பதை நாம் எங்கே கண்டோம்? சந்தேகமான இடத்தில் நல்லதையே எண்ணுவது மேல் என்கிறார் அதே தோமாஸ். அப்படி எண்ணிச் சில சமயம் ஏமாறலாம். ஆனால் ஒருவனுக்கும் அநியாயம் செய்தவர்கள் ஆகமாட்டோம்.

"அவர்கள் பணம் வாங்கி ஆடுகிறவர்கள், ஏச்சையும் வாங்கிக்கொள்ளட்டும்" என்று சிலர் வாதாடுகிறார்கள். 2021 ஜூலை முதல் அங்குள்ள கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் சம்பாதிக்கலாம் என்பது மெய்தான். மேலும், 2018 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின் பல மாகாணங்களில் பந்தயச் சூதாட்டம் சட்டபூர்வமாயிற்று. பணம் கட்டித் தோற்றவன் ஆட்டக்காரனைச் சபிக்கிறான். ஆனால் கூலி கொடுப்பவன் வேலையைத்தான் வாங்குகிறான். வேலை செய்கிறவனின் மானம் அந்த விலையில் சேர்ந்ததா? தச்சனுக்குக் கூலி கொடுத்தவன் நாற்காலி ஆடுகிறது என்று குறை சொல்லலாம்; தச்சனை மனிதனே அல்ல என்று சொல்ல அவனுக்கு உரிமையில்லை.

பின்னர் நடந்ததையும் கேளுங்கள். ஹர்ட்ஸ் கோபித்துக்கொண்டு ஓடிவிடவில்லை. அடுத்த பருவத்தில் இரண்டாமவராக அங்கேயே இருந்தார். 2018 டிசம்பர் 1 அன்று, அதே அட்லாண்டா மைதானத்தில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக, டாகொவைலோவா காயமுற்றபோது ஹர்ட்ஸ் இறங்கினார். ஏழு புள்ளி பின்தங்கியிருந்த அணி 35-28 என்று வென்றது. அம்மாதமே பட்டமும் பெற்றார். அடுத்த ஆண்டு ஓக்லஹோமாவில் ஆடினார். 2025 பிப்ரவரி 9 அன்று பிலடெல்பியா ஈகிள்ஸ் அணிக்குச் சூப்பர் பவுல் வெற்றியைத் தேடித் தந்து, அந்த ஆட்டத்தின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

"பார்த்தீர்களா, குறை சொன்னவர்கள் வாயடைத்துப் போனார்கள்!" என்று முடித்துவிட ஆசை வருகிறது. அவசரப்பட வேண்டாம். எறியைப் பற்றிக் குறை சொன்னவர்கள் அன்று சொன்னது மெய்யே. அந்தக் குறை இருந்ததால்தான் அவர் உழைத்துத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. மனிதனைப் பற்றி இழிவாகச் சொன்னவர்களோ அன்றே பிழை செய்தார்கள். அவர் பிற்பாடு வென்றதால் அது பிழையாகவில்லை. அவர் மறுபடி ஒரு பந்தையும் எறியாமல் ஊர் திரும்பி, பெயர் தெரியாமல் வாழ்ந்திருந்தாலும் அது பிழைதான். வென்றவனுக்கு மட்டுமே மரியாதை என்றால், அது மரியாதையல்ல, பந்தயப் பணம்.

பெற்றோரே, இந்தத் தூரத்தை அளக்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. பரீட்சை முடிவு வந்த மாலையில் நம் வீட்டுத் திண்ணையில் அளந்து பாருங்கள். "இந்தக் கணக்குத் தவறு" என்பது ஒரு வார்த்தை. "கணக்கில் நீ இன்னும் தேற வேண்டும்" என்பது மற்றொரு வார்த்தை. "நீ உருப்படமாட்டாய்" என்பது மூன்றாவது வார்த்தை. முதலிரண்டையும் சொல்ல உங்களுக்கு அதிகாரம் உண்டு, கடமையும் உண்டு. மூன்றாவதைச் சொல்ல ஒருவருக்கும் அதிகாரம் கிடையாது. அந்த ஆட்டக்காரரை ஏசியவர்கள் அவர் முகமறியாதவர்கள். மைதானத்தை விட்டு வெளியேறினால் அந்தக் கூச்சலும் தேய்ந்துபோகும். தகப்பனும் தாயும் சொன்ன சொல்லோ பிள்ளையோடு வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும்.

ஆகவே இவ்வாரம் ஒருவரைப் பற்றிக் குறை பேச நா எழும்போது, நாம் பேசுவது எறியையா, எறியும் திறமையையா, எறிந்தவனையா என்று ஒரு விநாடி நின்று கேட்டுக்கொள்வோம்.