நிழலின் பாத்தியதை

ஒரு மனிதரைப் பார்ப்பதற்கு நமக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்னும் கேள்வி, சமய விசாரத்திற்கும் நீதி விசாரத்திற்கும் பொதுவானது. கோயிலில் நாம் பெறும் தரிசனம் நாம் காண்பதோடு முடிந்துவிடுவதில்லை. எதிரே உள்ள கண்கள் நம்மையும் கடாட்சிக்கின்றன என்ற நம்பிக்கையிலேயே அது பூர்த்தியாகிறது. மனிதரை மனிதர் காணும்போதும் அந்த எதிர்ப்பார்வை வேண்டாமா? அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் இக்கேள்வியைத் தங்கள் சரீரத்தாலேயே எதிர்கொள்ள நேர்ந்தது.

1850-இல், தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், ஜோசப் ஸீலி என்ற புகைப்படக்காரர், அடிமைப்பட்டிருந்த ஏழு பேரைப் பதினைந்து தகடுகளில் படம் பிடித்தார். மனித இனங்கள் தனித்தனியே படைக்கப்பட்டவை என்று ஸ்தாபிக்க விரும்பிய ஹார்வர்டு பேராசிரியர் லூயி அகாசிஸுக்காக எடுக்கப்பட்ட படங்கள் அவை. ரென்டி என்ற முதியவரும் அவர் மகள் டெலியாவும் அவர்களில் அடக்கம். டெலியாவின் ஆடை இடுப்புவரை இறக்கிவிடப்பட்டிருக்கிறது. டாகுரோடைப் என்னும் அந்தப் பழைய முறையில் உருவம் காகிதத்தில் விழுவதில்லை. வெள்ளி முலாம் பூசிப் பளபளவென்று மெருகேற்றிய செப்புத் தகட்டில் பதிகிறது. தகட்டைச் சற்றே சாய்த்தால் உருவம் மங்கி, பார்ப்பவருடைய முகமே அதில் தெரியும். அகாசிஸ் அவற்றைக் கையில் ஏந்தியபோது அவருக்கும் தம் முகம் தெரிந்திருக்கத்தான் வேண்டும். ஆயினும் தாம் தேடிய அத்தாட்சியைத் தவிர வேறெதையும் அவர் அதில் காண விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர் எதிரான காட்சி ஒன்று அந்தத் தலைமுறையிலேயே உண்டு. நியூயார்க் மாகாணத்தில் அடிமையாகப் பிறந்து, 1826-இல் எஜமானன் வீட்டைவிட்டு வெளியேறி, 1843-இல் தெய்வத்தின் ஆணையென்று நம்பித் தம் பெயரையே மாற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் பிரசங்கம் செய்த ஸோஜர்னர் ட்ரூத் என்ற அம்மையார், எழுதப் படிக்க அறியாதவராயிருந்தும், 1864-இல் தம் புகைப்படத்தின் காப்புரிமையைத் தம் பெயரிலேயே பதிவுசெய்துகொண்டு, அதன் சிறு அட்டைகளைக் கூட்டங்களில் விற்று ஜீவனம் நடத்தினார். வெள்ளைத் தொப்பி, சால்வை, மடியில் முடிவுறாத பின்னல் வேலை, அதிலிருந்து சரியும் நூல்: எப்படிக் காணப்பட வேண்டும் என்பதைத் தாமே நிர்ணயித்தவரின் அமைதி அந்தத் தோற்றத்தில் இருக்கிறது. படத்தின் கீழே, மெய்யைத் தாங்குவதற்காக நிழலை விற்பதாக ஒரு வாசகம் அச்சாகியிருந்தது. ஒரு காலத்தில் உடம்பே பிறர் சொத்தாயிருந்த ஒரு பெண், தம் நிழலுக்குத் தாமே பாத்தியஸ்தராக நின்ற இச்செயலை நான் வியாபாரமென்று கருதவில்லை. ஆன்மாவின் சுதந்திரத்தைப் பற்றி அவர் செய்த பிரசங்கங்களில் இதுவும் ஒன்று.

1976-இல், அகாசிஸுக்காக எடுக்கப்பட்ட அந்தத் தகடுகள் ஹார்வர்டின் பீபாடி அருங்காட்சியகத்து மேல்மாடியில் கண்டெடுக்கப்பட்டபோது, சார்ல்ஸ் நதிக்கு அக்கரையில், பாஸ்டன் நகரில், கோம்பாஹீ நதிக் கூட்டமைப்பு என்ற பெயரில் கறுப்பினப் பெண்கள் சிலர் கூடி, தங்கள் வாழ்வின் அடிமைத்தளைகளைத் தாங்களே ஆராய்ந்துகொண்டிருந்தனர். 1977-இல் அவர்களுடைய பிரகடனம் எழுதப்பட்டது. அவர்கள் பெயராகக் கொண்ட கோம்பாஹீ நதியும் தென் கரோலினாவில்தான் ஓடுகிறது. 1863-இல் ஹாரியட் டப்மன் என்ற கறுப்பினப் பெண்மணி வழிகாட்ட, அடிமைப்பட்டிருந்த 700-க்கும் மேற்பட்டோர் அதன் கரைகளிலிருந்து விடுதலை பெற்றனர். தங்களைப் பற்றிப் பிறர் சொன்னதைத் தள்ளிவிட்டுத் தாங்களே சொல்லத் துணிந்த அந்தக் கூட்டமைப்பினரின் தர்மம், பின்னால் கேமராவிலும் இறங்கியது. பென்சில்வேனியாவின் பிராடக் என்னும் எஃகு நகரத்தில் தம் பாட்டியையும் தாயையும் பல ஆண்டுகள் படமெடுத்த லடோயா ரூபி ஃப்ரேசியர், தாயின் கையிலும் கேமராவைத் தந்து, தம்மைத் தாயே படமெடுக்கச் செய்தார்.

ஆனால் டெலியாவின் கையில் கேமராவைத் தர இயலாதே. அங்கேதான் கேரி மே வீம்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர் 1990-களில் செய்த காரியம் என் மனத்தை விடாமல் பற்றியிருக்கிறது. அவர் அந்தப் பழைய உருவங்களைப் பெரிதாக்கி, இரத்தச் சிவப்பேற்றி, மேலிட்ட கண்ணாடியில் அவர்களை நோக்கி முன்னிலையில் பேசும் வாக்கியங்களைப் பொறித்தார். அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக ஹார்வர்டு வழக்குத் தொடுப்போம் என எச்சரித்தபோது, நீதிமன்றத்திலேயே இதைப் பேசலாம் என்று அவர் உறுதியாக நின்றார்; வழக்கு வரவில்லை. அவமதிக்கப்பட்ட உடலை மறுபடியும் காட்டுவது அவமதிப்பைப் புதுப்பிப்பதாகாதா என்ற ஆட்சேபம் அற்பமானதன்று. எனினும், அகாசிஸ் அவர்களைக் குறித்துப் பிறரிடம் பேசினார்; வீம்ஸோ அவர்களிடமே பேசினார். நாம் யாரிடம் பேசுகிறோமோ அவர் வெறும் பொருளாக இருக்க முடியாது. ஆதலால் வீம்ஸ் செய்தது சரியென்றே நான் நினைக்கிறேன்.

ரென்டியின் வழித்தோன்றல் என்று உரிமை கோரிய ஒரு பெண்மணி தொடுத்த வழக்கில், மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் 2022-இல், படத்தின்மேல் படத்திலிருப்பவருக்குச் சொத்துரிமை இல்லையென்று கூறியது. வழக்குத் தொடுத்த பெண்மணிக்கு நேர்ந்த மனவேதனைக்காக வழக்காட மட்டும் இடமளித்தது. அடிமைத்தனம் ஒழிந்த பின்னும் அதன் நிழல்களுக்கு விடுதலை தர அந்தச் சட்டத்தில் வழியிருக்கவில்லை. 2025-இல் சமரசம் ஏற்பட்டு, தகடுகளைச் சார்ல்ஸ்டன் நகரிலுள்ள சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்திற்கு மாற்ற ஹார்வர்டு இணங்கியது. அங்கே டெலியாவின் தகட்டைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதா, மூடிவைப்பதா என்பதில், ஆராய்ச்சியாளரின் ஆவலோ, என் போன்ற தூரதேசத்து வாசகரின் கருணையோ முந்தி நிற்கக் கூடாது. அந்த முகங்களில் தங்கள் முன்னோரைக் காண்பவர்களே முதலில் பார்த்து, முதலில் தீர்மானிக்கட்டும்.