ஆனந்தரின் கண்ணீரும் இயேசுவின் கண்ணீரும்

சமயங்களை ஒப்புநோக்கும் முயற்சி நம் நாட்டிற் பெரும்பாலும் வாதமேடையிலேயே நிகழ்ந்து வந்துள்ளது. 1873 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பாணந்துறையில் மீகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் டேவிட் டி சில்வா போதகருக்கும் இடையே நடைபெற்ற வாதம் இதற்குப் பெயர்பெற்ற சான்றாகும். வெற்றியை நாடும் ஒப்பீடு மாற்றாரின் சமயத்தில் வலுவற்ற இடத்தையே தேடிச் செல்லும். தன் சமயத்தின் வலுவற்ற இடத்தை மறைத்துக்கொள்ளும். ஆதலின் அதனால் இரு சமயங்களுள் எதனையும் அறிந்துகொள்ளல் அரிது. இங்கு நான் வேறொரு சந்திப்பிலிருந்து தொடங்க விரும்புகின்றேன்.

அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்திலுள்ள திரப்பிஸ்ற் சபை மடமொன்றில் 1941 டிசெம்பரிற் புகுந்து மௌன வாழ்வு மேற்கொண்டவர் தோமஸ் மேர்ட்டன் என்னும் கத்தோலிக்கத் துறவி. 1968 இல் அவர் ஆசியப் பயணம் புறப்பட்டார். நவெம்பரிலே தர்மசாலாவில் தலாய் லாமாவை மும்முறை சந்தித்து உரையாடியபின், டிசெம்பரின் முதல் நாட்களிற் பொலன்னறுவைக்கு வந்தார். கல்விகாரையைத் தாம் அணுகிய விதத்தை அவரே குறித்துவைத்துள்ளார். காலணிகளைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லிலும் மணலிலும் வெறுங்காலுடன் நடந்து சென்றார். உடன்வந்த குருவானவரோ, அஞ்ஞானச் சமயத்தின் உருவங்கள் என்ற கூச்சத்தினால், அணுகிச் செல்லாது மரத்தடியொன்றில் அமர்ந்து வழிகாட்டி நூலைப் படித்துக்கொண்டிருந்தார். மேர்ட்டனுக்கு அச்சிலைகளின் முன்னே, பழகிப்போன பார்வை முழுவதும் அறுந்து வீழ்ந்தாற்போன்ற தெளிவு உண்டாயிற்று. விடை காணவேண்டிய புதிர் எதுவுமில்லை, எல்லாம் வெறுமை, எல்லாம் கருணை என்பதே அவர் பெற்ற அனுபவத்தின் சாரம். ஒரு வாரத்தின்பின், டிசெம்பர் 10 ஆம் நாள், பாங்கொக் நகருக்கு அருகே மின்சாரம் தாக்கி இறந்தார். அவரது பயண நாட்குறிப்பு 1973 இல் நூலாக வெளிவந்தது.

மரத்தடியில் இருந்த அக்குருவானவரை நகைத்து ஒதுக்க எனக்கு மனமில்லை. நம்மிற் பெரும்பாலோர் இருக்குமிடமும் அம்மரத்தடியே. பௌத்தத்தை அதன் நூல்களினூடாக அன்றி இந்நாட்டு அரசியலினூடாகவே சந்திக்க நேர்ந்த தமிழர்க்கு அது இன்னும் வசதியான இடம். ஒரு காலத்தில் மணிமேகலையைத் தந்ததும், அகத்தியன் அவலோகிதனிடமே தமிழ் கற்றான் என வீரசோழியத்திற் கூறவைத்ததும் நம் மொழியே என்பதை நாம் தேர்வுக்காகப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம்.

மேர்ட்டன் மிகவும் மதித்த யப்பானிய அறிஞரான சுசுக்கி, 1957 இல் வெளிவந்த தமது நூலொன்றில், சிலுவையில் நிமிர்ந்து தொங்கும் கிறிஸ்துவையும், பக்கஞ்சாய்ந்து கிடந்து பரிநிர்வாணமடையும் புத்தரையும் எதிரெதிரே வைத்து நோக்குகின்றார். சிலுவைக் காட்சி அவருக்குத் தாங்கொணாததாய் இருந்தது. கிடந்த கோலமே அமைதியின் கோலம் என அவர் கருதினார். கவர்ச்சியான ஒப்பீடுதான். ஆயின் கல்விகாரையில் அது முழுமை பெறவில்லை. ஏனெனில், ஏறத்தாழ 14 மீற்றர் நீளமுள்ள சயன உருவத்தின் தலைமாட்டருகே, கைகளை மார்பின் குறுக்கே மடித்தவாறு ஏறத்தாழ 7 மீற்றர் உயரமான இன்னோர் உருவம் நிற்கின்றது.

நிற்பவர் யார்? குருவின் மறைவுக்கு வருந்தும் ஆனந்தர் என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. மேர்ட்டனும் அவ்வாறே கொண்டார். பேராசிரியர் பரணவிதானவோ அதனைப் புத்தரின் உருவமாகவே கொண்டு, பிறர் துன்பங் கண்டு தாமும் துன்புறும் நிலையை அக்கைகள் காட்டுகின்றன என விளக்கினார். இதனைத் தொல்லியலாளரின் சிறு பூசல் எனத் தள்ளிவிடலாகாது. கண்ணீர் யாருக்குரியது, மாணாக்கனுக்கா, ஆசானுக்கா என்ற வினா இதனுள் அடங்கியிருக்கின்றது.

மகாபரிநிப்பான சுத்தத்திலே ஆனந்தர் கதவருகே சாய்ந்து நின்று அழுகின்றார். தாம் இன்னும் கற்க வேண்டியவராய் இருக்கையிலே ஆசான் பிரிகின்றாரே என்பது அவர் துயரம். புத்தர் அவரை அழைப்பித்து, விருப்பமான யாவும் பிரியும் இயல்பின என்று நினைவூட்டுகின்றார். அத்தோடு நில்லாது, அவர் நெடுங்காலம் அன்புடன் ஆற்றிய பணியைப் புகழவும் செய்கின்றார். அந்நூலில் அழுவோர் பற்றறாதோர். பற்றற்றோர் விழிப்போடு பொறுத்திருப்போர். யோவான் நற்செய்தியிலோ அழுபவர் ஆண்டவரே. இறந்து நான்கு நாட்களான இலாசரை எழுப்பப் போகின்றோம் என்பதை அறிந்திருந்தும், கல்லறைக்குச் செல்லுமுன் இயேசு கண்ணீர் விடுகின்றார். அங்கே கண்ணீர் அறியாமையின் அடையாளம் அன்று.

இவ்வேறுபாட்டைக் கொண்டு பௌத்தத்தை உலகத்தின்பால் அக்கறையற்ற சமயம் எனத் தீர்ப்பிடுவோர் உளர். 1994 இல் வெளிவந்த நூலொன்றிற் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் பௌத்தத்தின் மீட்புக் கொள்கையைப் பெரிதும் எதிர்மறையானதெனக் குறிப்பிட்டார். 1995 சனவரியில் அவர் இலங்கைக்கு வந்தபோது பௌத்த மகாநாயக்கர்கள் அவரைச் சந்திக்க மறுத்தனர். அன்னாரின் கூற்று ஆனந்தரைப் புகழ்ந்த புத்தரைக் கணக்கில் எடுக்கவில்லை என்றே நான் கருதுகின்றேன். கிசாகோதமியையும் எடுக்கவில்லை. இறந்த குழந்தையை ஏந்திவந்த அத்தாய்க்குப் புத்தர் அநித்தியம் பற்றி உபதேசம் நிகழ்த்தவில்லை. மரணம் நேராத வீட்டிலிருந்து சிறிதளவு கடுகு வாங்கிவரும்படி அனுப்பினார். அவள் வீடு வீடாகச் சென்றாள். ஒவ்வொரு வாசலிலும் இன்னொருவரின் துயரத்தைக் கேட்டாள். உண்மையை அவளுக்கு உணர்த்தியவர்கள் அயலவர்களே. அக்கறையற்றவர் இத்தகைய வழியைக் கண்டிருக்கமாட்டார்.

இவை ஏட்டுச் செய்திகள் மாத்திரமல்ல. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர், பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரிடம் தெற்கிலே ‘எல்லாம் அநித்தியம்’ என்றும், கிழக்கிலே ‘ஆண்டவரின் சித்தம்’ என்றும் கூறியோர் இருந்தனர். நானும் அவ்விரண்டாவது வாசகத்தை ஒரு மரணவீட்டிற் கூறியிருக்கின்றேன். கேட்ட பெண் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து உள்ளே சென்றாள். அன்று நான் சொன்னது என் சமயக் கோட்பாட்டுக்கு முரணானதன்று. ஆயின் இயேசு அழுத இடத்தில் நான் அழாமல் பேசினேன். கடுகுக்காக நடக்கவேண்டிய தூரத்தை நடக்கவிடாது, முடிவை மாத்திரம் கையிற் கொடுத்தேன். இரு ஆசான்களும் செய்யாத பிழை அது.

இதனால் இரு சமயங்களும் ஒன்றே எனக் கூறி முடிப்பது எளிது. பட்டிமன்றங்களில் அவ்வாறே முடிப்பர். அஃது உண்மையன்று. கிசாகோதமி தன் குழந்தையின் உடலைக் காட்டில் விட்டுவிட்டுத் துறவு வேண்டி வந்தாள்; மார்த்தாளும் மரியாளும் சகோதரனைத் திரும்பப் பெற்றனர். பவுலடிகள் மரணத்தை இறுதிப் பகைவன் என்கின்றார்; பௌத்தம் அதனைப் பகைவனாகக் கொள்ளுவதில்லை, இயல்பாகக் கொள்ளுகின்றது. மரணம் இயல்பாயின் அதனோடு சினந்துகொள்வது பேதைமை. பகைவனாயின் அதற்கு இணங்கிப்போவது துரோகம். இவ்விரண்டையும் ஒருங்கே ஏற்பதற்கு எனக்கு வழி தெரியவில்லை. கிறிஸ்தவனாகிய நான் மரணத்தைப் பகைவனாகவே கொள்கின்றேன். ஆயினும் அப்பகையை நாற்பது ஆண்டுகளாகச் சுமந்து களைத்துப்போனவர்களை என் உறவினருள்ளேயே கண்டிருக்கின்றேன். அவர்களுட் சிலருக்குக் கிசாகோதமியின் கதையே முதலிற் கூறப்பட்டிருக்கவேண்டும் என்று தோன்றுகின்றது.

கல்விகாரைக்கு நான் இருமுறை சென்றதுண்டு. முதன்முறை நிற்பவர் ஆனந்தர் என நம்பிச் சென்றேன். அழுது முடித்த ஒருவரின் முகமாக அது தெரிந்தது. பரணவிதானவைப் படித்தபின் சென்றபோது ஆசானின் முகத்தைத் தேடினேன். முகம் முன்போலவே இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமொன்று வெள்ளுடையிற் பூத்தட்டுகளுடன் வந்தது. அவர்களுக்கு இடம்விட்டு விலகி நின்றுகொண்டேன்.