பிள்ளையின் பதக்கம் யாருக்குக் காணிக்கை?



நம் பிள்ளைகளுக்கு விளையாட்டில் ஆசை பெருகியிருக்கிறது. கபடி, வாலிபால், ஓட்டம், சிலம்பம் என்று ஆளுக்கொரு விருப்பம். உடல் உரம் பெறட்டும், கெட்ட பழக்கம் அண்டாமல் இருக்கட்டும் என்று நாமும் மகிழ்ந்து ஓர் ஆசானின் கையில் பிள்ளையை ஒப்படைக்கிறோம். எதை வளர்க்கச் சொல்லி ஒப்படைக்கிறோம்? காலின் வேகத்தையா, மனதின் குணத்தையா? இரண்டும் சேர்ந்தே வளரும் என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டும் மோதுகிற நேரம் ஒன்று வரும். அப்போது ஆசான் எந்தப் பக்கம் நிற்பது தர்மம்?

இப்படி ஒரு நேரம் 2012 டிசம்பர் 2-ஆம் நாள் ஸ்பெயின் நாட்டில் வந்தது. நவார்ரா பகுதியில் உள்ள புர்லாடா என்ற ஊரில் ஓர் ஓட்டப் பந்தயம். கென்யாவின் ஏபெல் முத்தாய் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். அவர் அதே ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் முன்பாகவே பந்தயம் முடிந்துவிட்டது என்று எண்ணி வேகத்தைக் குறைத்துவிட்டார். கூட்டத்தினர் கத்தினார்கள். மொழி தெரியாததால் அவருக்கு விளங்கவில்லை. பின்னால் வந்த ஸ்பெயின் வீரர் இவான் பெர்னாண்டஸ் அனாயா அவரை எளிதில் தாண்டியிருக்கலாம். தாண்டவில்லை. பின்னாலேயே நின்று, கையால் சைகை காட்டி, முத்தாயை முதலில் கோட்டைக் கடக்க வைத்தார்.

உலகம் அவரைப் பாராட்டியது. ஆனால் அவருடைய பயிற்சியாளர் மார்ட்டின் பிஸ் பாராட்டோடு ஒரு குறையும் சொன்னார். அனாயா செய்தது நல்ல செயல், அவரை நல்ல மனிதராக ஆக்கியது, ஆனால் நல்ல ஓட்டக்காரராக ஆக்கவில்லை, அந்த இடத்தில் தாமாக இருந்தால் வாய்ப்பைப் பயன்படுத்தியிருப்பேன் என்பது அவர் கருத்து. பிஸ் சாதாரண ஆள் அல்ல. 1995-இல் மாரத்தானில் உலகச் சாம்பியன் ஆனவர். அவர் சொன்னதை எளிதில் தள்ளிவிட முடியாது. பந்தயத்துக்குப் போவது வெல்வதற்குத்தானே? எதிராளியின் கவனக்குறைவுக்கு நாம் பொறுப்பா?

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் பட்ட பாட்டிலேயே விடை இருக்கிறது. ஒருவன் உழைக்க, இன்னொருவன் அதன் பலனை எடுத்துக்கொண்ட காலத்தை அவர்கள் கண்டவர்கள். கூலியில்லாத ஊழியம் என்ன என்பது அவர்கள் முதுகுக்குத் தெரியும். அந்த அநீதியைக் கண்டித்து எழுந்த குரலே அய்யாவின் குரல். பிறர் உழைப்பை அபகரிப்பது அரசன் செய்தாலும் அநீதி, ஓட்டக்காரன் செய்தாலும் அநீதி. எதிராளி களைத்துப்போனால் அவரைத் தாண்டலாம், அது பந்தயம். அவர் குறிவைத்த பந்து தவறினால் அந்தப் புள்ளியை எடுக்கலாம், அதுவும் ஆட்டம். ஆனால் புர்லாடாவில் முத்தாயின் கால் தோற்கவில்லை. கோடு எங்கே என்பதில்தான் குழப்பம். ஓட்டத்தில் அவர் வென்று முடித்திருந்தார். அந்த வெற்றியை எடுத்துக்கொண்டால் அது வேறொருவர் விதைத்த வயலில் அறுப்பதாகவே ஆகும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. ஐரோப்பிய அல்லது உலகப் பதக்கம் கிடைப்பதாக இருந்தால் தாமும் வேறுவிதமாக நடந்திருக்கக்கூடும் என்று அனாயாவே வெளிப்படையாகச் சொன்னார். அதைக் கேட்டு அவரைக் குறைவாக எண்ண வேண்டாம். தம் மனதை அவர் கண்ணாடியில் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சிறிய பந்தயத்தில் காக்கிற நேர்மையைப் பெரிய பதக்கம் வந்து அசைத்துப் பார்க்கும். விலை ஏற ஏற மாயையும் ஏறும். ஆகவே குணம் ஒரு நாளில் வந்துவிடுகிற சொத்து அல்ல. கால் தசையைப் போல நாள்தோறும் பழக்கினால்தான் பாரம் ஏறும்போது தாங்கும். பழக்குகிறவர் ஆசான்.

பழக்கம் எங்கே தொடங்குகிறது? முடிவுக் கோட்டில் அல்ல, பிறப்புச் சான்றிதழில். பதினைந்து வயதுப் பிள்ளையைப் பதின்மூன்று என்று எழுதி இளையோர் அணியில் சேர்ப்பது நம் நாட்டில் நெடுநாள் நோய். இதைப் பிடிக்கத்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியம் சிறுவர்களின் எலும்பை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணிக்கிறது. சான்றிதழைத் திருத்துகிறவர் பெரும்பாலும் தகப்பனாகவோ பயிற்சியாளராகவோ இருப்பார். அந்தப் பிள்ளை மைதானத்தில் கற்கிற முதல் பாடமே பொய். அதோடு போகவில்லை. உண்மையாகவே பதின்மூன்று வயதான ஏழைப் பிள்ளை ஒன்று அணியில் இடம் கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்புகிறது. தாழ்ந்து நிற்பவரைத் தூக்கிவிடுவதே தர்மம் என்று கேட்டு வளர்ந்த நாம், நிற்க இடம் தேடி வந்தவனைத் தள்ளிவிடலாமா?

ஊக்க மருந்தும் இப்படியே. வீரரின் உடலில் தடைசெய்யப்பட்ட மருந்து இருந்தால் அதற்கு அந்த வீரரே பொறுப்பு என்பது உலக விதி. ஆசான் கொடுத்தார், நான் வாங்கிக் குடித்தேன் என்று சொல்லி முழுமையாகத் தப்பிவிட முடியாது. பெரியவர் செய்த பாவத்துக்குச் சிறியவர் தண்டனை அனுபவிக்கிறார். பிள்ளை நம்மை நம்பி வாயைத் திறக்கிறது. அந்த நம்பிக்கைக்குக் கணக்குக் கேட்கப்படும் என்ற அச்சம் ஆசானுக்கு இருக்க வேண்டும்.

நல்ல ஆசானுக்கு முதல் அடையாளம், தாம் சொல்வதைத் தாமே கடைப்பிடிப்பது. புல்லேலா கோபிசந்த் 2001-இல் ஆல் இங்கிலாந்து பாட்மிண்டன் பட்டம் வென்றபோது, ஒரு குளிர்பான நிறுவனத்தின் விளம்பரம் தேடி வந்தது. தாம் குடிக்காத ஒன்றைப் பிறரைக் குடிக்கச் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். பிற்காலத்தில் பி.வி. சிந்துவுக்குப் பயிற்சி தந்தபோது, 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முன் மூன்று மாதம் அவருடைய கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டார். சிந்து வெள்ளி வென்ற பிறகே திருப்பிக் கொடுத்தார். இவ்வளவு கடுமையைச் சிந்து ஏன் ஏற்றார்? கேட்டவர் தாமும் ஒன்றை விட்டவர் என்பதால். வாகைப்பதியில் துவையல் பந்தியார் தவசு இருந்தபோதும் இப்படித்தான். பெரியவர் தனியாகச் சுகப்பட, சிறியவர் மட்டும் ஒருவேளை உண்ணவில்லை. குடும்பம் குடும்பமாக எல்லோரும் ஒரே ஒழுங்கில் நின்றார்கள். மகனை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டுத் தாம் போர்த்திக்கொண்டு படுக்கிற தகப்பன் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டாவது அடையாளம், தோல்வியில் கைவிடாதிருப்பது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 வினாடியில் ஓடி நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவருக்கு 55.41. ஒரு வினாடியை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. கண்ணிமைப்பதற்குள் போய்விட்ட பதக்கம் அது. உஷாவை மாணவியாக இருந்த நாளிலிருந்தே உருவாக்கிய ஓ.எம். நம்பியார் அவரை விட்டு விலகவில்லை. மறுபடியும் மைதானத்தில் இறங்கினார்கள். அடுத்த ஆண்டே ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் உஷா ஐந்து தங்கம் வென்றார். அந்தத் தங்கம் வராமல் போயிருந்தாலும் நம்பியார் செய்தது சரியே. தோற்ற பிள்ளையோடு நிற்பதற்குப் பின்னால் வரும் வெற்றி காரணமாக இருக்கக் கூடாது.

நம்பியாருக்கு 1985-இல் துரோணாச்சார்யா விருது கிடைத்தது. அந்தப் பெயர் நமக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறது. துரோணர் பெரிய ஆசான்தான். ஆனால் தமக்குப் பிரியமான மாணவனே முதலிடத்தில் இருக்க வேண்டும் என்று ஏகலைவனின் கட்டைவிரலைத் தட்சிணையாகக் கேட்டவரும் அவரே. தட்சிணை என்ற பெயரில் எதை வாங்குகிறோம் என்று ஒவ்வோர் ஆசானும், ஒவ்வொரு பெற்றோரும் பார்க்க வேண்டும். காணிக்கை வேண்டாம் என்று சொன்னவர் அய்யா. இறைவனே கேட்காத காணிக்கையை மனிதன் பிள்ளையிடம் கேட்கலாமா? மகனின் பதக்கத்தைத் தன் பெருமைக்கும், மகளின் வெற்றியைத் தன் பயிற்சி மையத்தின் விளம்பரத்துக்கும் காணிக்கையாக எதிர்பார்க்கும்போதுதான் வயதைத் திருத்தும் கையும் மருந்தை நீட்டும் கையும் முளைக்கின்றன. காயத்தோடு ஆடச் சொல்லும் வாயும் அங்கேதான் முளைக்கிறது.

நம் குமரி நாட்டு அடிமுறை, வர்ம ஆசான்கள் ஒருவனின் குணத்தைப் பார்க்காமல் வர்மத்தைச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். கோபக்காரன் கையில் அந்த வித்தை போனால் ஓர் உயிர் போகும் என்ற பொறுப்பு அவர்களுக்கு இருந்தது. இன்றைய விளையாட்டில் உயிர் போகாது என்று நினைக்கலாம். ஆனால் பொய்யால் வென்ற பிள்ளைக்கு உள்ளே ஒன்று செத்துப்போகிறது.

ஆகவே பிள்ளை போட்டி முடிந்து வந்ததும் "ஜெயிச்சியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நேர்மையா ஆடினியா? தோத்தவன்கிட்டே கை கொடுத்தியா?" என்றும் கேளுங்கள். நடுவர் காணாத தப்பைத் தானே ஒத்துக்கொண்டு ஒரு புள்ளியை இழந்து வந்தால், அன்று அந்தப் பிள்ளையைக் கூடுதலாக அணைத்துக்கொள்ளுங்கள். ஆசானைத் தேடும்போது அவர் சுவரில் எத்தனை கோப்பை இருக்கிறது என்று எண்ணுவதோடு, அவரிடம் தோற்றுப்போன பிள்ளைகள் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்றும் விசாரியுங்கள்.

பதியிலும் தாங்கலிலும் நாம் தலைப்பாகை கட்டிக் கண்ணாடிக்கு முன் நிற்கிறோம். அங்கே தெரிவது நம் முகம். பதக்கத்தை அணிந்த நாளிலும், அணியாமல் திரும்பிய நாளிலும் அந்தக் கண்ணாடிக்கு முன் கூசாமல் நிற்கும் பிள்ளையை வளர்த்தால், ஆசான் தம் வேலையைச் செய்துவிட்டார்.

அய்யா உண்டு.